வெள்ளிக்கிழமைப் பை

அந்தத் தெருவில் அவளுக்குக் கதை டீச்சர் என்று பெயர். பாதிப் பேர் அதைப் பிரியமாகச் சொன்னார்கள், மீதிப் பேர் கிண்டலாக. "அங்க விட்டா எழுத்தா சொல்லித் தருவாங்க? நல்லா கதை விடுவாங்க" என்று மளிகைக் கடை வாசலில் ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கதை சொன்னது உண்மைதானே.

பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கடைசி அறை அவளுடையது. நாலு வயதுக் குழந்தைகள். ஜன்னல்கள் பெரியவர்களின் தோள் உயரத்தில் இருந்ததால் குழந்தைகளுக்கு வெளியே வானம் மட்டும்தான் தெரியும். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய். எத்தனை முறை வாஷர் மாற்றினாலும் சொட்டும். புத்தக அலமாரி மட்டும் அவள் சண்டை போட்டு வாங்கியது. குழந்தையின் கை எட்டும் உயரத்தில், அட்டைகள் முகம் காட்டி நிற்கும்படி.

முதல் ஆறு மாதம் அவள் பலகையில் ஓர் எழுத்தும் எழுத மாட்டாள். பெயர்களைக் கை தட்டி உடைப்பார்கள். தக்-கா-ளி, மூன்று தட்டு. ஒரு டப்பாவில் 'ப'வில் தொடங்குகிற சாமான்களைச் சேர்ப்பார்கள்: பந்து, பட்டன், எரிந்துபோன பல்பு. ஒரு பையன் தாத்தாவின் பல்செட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். தாத்தா பொக்கை வாயோடு மத்தியானம் வரை வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியபின் பள்ளிக்கே வந்து நின்றார். "சரியான எழுத்துலதான் கொண்டுவந்திருக்கான் ஐயா" என்று டீச்சர் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை, பாவம்.

பெற்றோர்கள் வருவார்கள். "என்ன டீச்சர், நோட்டு வாங்கினது வாங்கினபடியே இருக்கு?"

"இப்ப காது பழகணும்மா. எழுத்து அப்புறம் தானா வந்து உக்காரும்."

தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே நோட்டோடு வருவார்கள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு குழந்தையும் ஒரு படக்கதைப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பைகளைப் பழைய திரைச்சீலையில் டீச்சரே தைத்திருந்தாள். வாரம் முழுக்க அவள் வாசித்துக் காட்டிய புத்தகம்தான். வீட்டில் குழந்தை அதை எல்லாருக்கும் 'வாசித்து'க் காட்டும். எழுத்து தெரியாது, ஆனால் கதை தெரியும். எந்தப் பக்கத்தில் எது நடக்கிறது என்று தெரியும். விரலை வரியின் அடியில் ஓட்டிக்கொண்டே சொல்லும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வேலை, உட்கார்ந்து கேட்பது. யாரும் திருத்தக் கூடாது. வருடத் தொடக்கத்தில் கூட்டம் போட்டு இதைச் சொல்வாள்.

அது விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டில்தான், புத்தகத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, இந்தக் கறுப்புக் கறுப்பாக இருப்பவைதான் பேசுகின்றன, அவை நேற்றுச் சொன்னதையேதான் இன்றும் சொல்லும் என்பதெல்லாம் குழந்தைக்குப் பிடிபடும். அதன் பிறகுதான் எழுத்து வந்து உட்கார இடம் இருக்கும். இதைப் பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அந்த வருடம் அவள் தம்பியின் மகளும் அந்த வகுப்பில் சேர்ந்தாள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எடுப்பு. எதையும் இரண்டு கையாலும் பிடித்துக் கொறிப்பாள். வீட்டில் அவளுக்கு அணில் என்று பெயர். வகுப்பிலும் அதுவே நிலைத்துவிட்டது.

தம்பி பேக்கரியில் பிரெட் வண்டி ஓட்டுகிறவன்; வருடத் தொடக்கக் கூட்டத்துக்கு அவன் மனைவிதான் வந்திருந்தாள். தினமும் அதே கடைகள், அதே தெருக்கள். புதிதாக ஒரு கடை சேர்ந்தால் அதன் ஷட்டர் என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்வான். எழுத்து தெரியாதவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வண்டி அந்த இடத்தைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். சின்ன வயதில், வீட்டில் அக்கா சத்தம் போட்டுப் படிப்பதைக் காதாலேயே பிடித்துக்கொண்டு பள்ளியில் போய்க் கடகடவென்று ஒப்பிப்பான். கெட்டிக்காரன் என்று பெயர்கூட வாங்கினான். ஏழாம் வகுப்பில் ஒரு வாத்தியார் பாடத்தின் நடுவில் விரலை வைத்து, "இங்கேருந்து படி" என்றார். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். வாத்தியார் மறுபடி நடுவில் விரலை வைத்தார். வகுப்பு சிரித்தது. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

இதெல்லாம் டீச்சருக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆகிவிட்டது.

காலையில் மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். தம்பி அணிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் மனைவி.

"அக்கா! உன் மருமக படிக்கிறாக்கா! புஸ்தகம் படிக்கிறா!"

டீச்சரின் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பனியனோடு உட்கார்ந்து எதையோ பிரித்துப் போட்டிருந்தார். "மொதல்ல உள்ள வா மாப்ள. படிக்கிற பிள்ளையக் கீழ போட்டுடாத" என்றார்.

அணில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். செருப்பு வாங்கப் போன ஒரு கழுதையின் கதை. கழுதைக்கு நாலு கால், கடையில் செருப்பு ஜோடியாகத்தான் கிடைக்கும், அதில்தான் தகராறு. அணில் விரலை வரியின் அடியில் ஓட்டினாள்.

"கடைக்காரரே கடைக்காரரே, என் காலுக்குச் செருப்பு இருக்கா? ரெண்டு இருக்கு கழுதையாரே, மீதி ரெண்டு வெறுங்காலா?" என்று குரலை மாற்றிக் கடைக்காரர் மாதிரி இருமினாள். புத்தகத்தில் இருமல் கிடையாது. அது அவளுடைய சொந்தச் சரக்கு.

டீச்சர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் வரியின் முடிவுக்குப் போய்விட்டது, பேச்சு இன்னும் முடியவில்லை. பேச்சும் வரியும் சேர்ந்து போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி விரல் திரும்ப ஆரம்பத்துக்கு ஓடிவந்து காத்திருந்தது. இந்த வயதில் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தம்பி பார்த்தது வேறு. அவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கழுதை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்ல ஒண்ணு படிச்சிடுச்சுக்கா. எனக்கு அது போதும்."

சொல்ல வாயெடுத்தாள். இது மனப்பாடம்டா, நல்ல மனப்பாடம், படிப்பு இதுக்கு அடுத்த படி என்று. அவன் முகத்தைப் பார்த்தாள். "நல்லா சொல்றாடா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் போனபின் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன டீச்சரம்மா, அவன் வேற மாதிரி நெனச்சுட்டுப் போறான் போலிருக்கே. சொல்லிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? அவன் மூஞ்சியப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதான் நானும் வாய மூடிக்கிட்டேன்."

அவர் பிரித்துப் போட்டதைத் திரும்ப மாட்டத் தொடங்கினார்.

நாலு நாளில் பேக்கரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிரெட் வண்டிக்காரனின் நாலு வயது மகள் புத்தகம் படிக்கிறாள். மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற பெரிய பள்ளியில், படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். தம்பி அக்காவிடம் சொல்லவில்லை; சேர்த்துவிட்டு வந்து சொல்லி அசத்தலாம் என்று இருந்தான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனான்.

அங்கே நடந்ததை அவன் மனைவி பிறகு வந்து சொன்னாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள்.

"ரெண்டு மேடம் இருந்தாங்க அண்ணி. நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. ஒரு ரயில் புஸ்தகத்தக் குடுத்து, படிம்மான்னாங்க. இவ சந்தோஷமா வாங்கினா. ரயில் மேல விரலை வெச்சு, கடைக்காரரே கடைக்காரரேன்னு ஆரம்பிச்சுட்டா."

"ஐயோ."

"இருமல் எல்லாம் போட்டா அண்ணி. அவங்களுக்குச் சிரிப்பு தாங்கல. தப்பாச் சிரிக்கல. எவ்வளவு அழகா மனப்பாடம் பண்ணிருக்கு, இந்த வயசுக்கு இது ரொம்ப நல்லது, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கன்னு சாக்லேட் குடுத்தாங்க. அவரு காதுல மனப்பாடம்ங்கிறது மட்டும்தான் விழுந்துச்சு. பஸ்ல ஏறி உக்காந்தோம். இவ சாக்லேட்டப் பிரிச்சு மொத வாய் அவருக்கு நீட்டினா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"நீ அவன்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். பக்கத்துல உக்காந்துதானே கேட்டேன்." அவள் கைப்பையின் வாரைச் சுருட்டினாள். "உங்களுக்கும் தெரியும்ல அண்ணி?"

மறுநாள் குழந்தைகள் போனபின் தம்பி வகுப்புக்கு வந்தான். டீச்சர் நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் தாடையைத் தொட்டது.

"நீயுமாக்கா?"

"டேய், நான் சொல்றதக் கேளு..."

"தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியும்."

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். பேக்கரில கேக் வெட்டினானுங்க. நீ பாத்துட்டு இருந்திருக்கே."

"தப்புதான். சொல்லிருக்கணும். ஆனா அவ செஞ்சது தப்பு இல்லடா. படிக்கிறதுக்கு முன்னாடி எல்லாக் குழந்தையும் இப்படித்தான் படிச்சு விளையாடும். விளையாடணும். நான்தான் அத சொல்லித் தர்றேன்."

"ஒப்பிக்கச் சொல்லித் தர்றே."

"ஒப்பிக்கிறது இல்ல. கதை அவ மனசுல இருக்கு. அது மேலதான் எழுத்து ஏறும். நீ வேற, அவ வேற. உனக்கு யாரும் எழுத்த ஒழுங்காக் காட்டல. இவளுக்கு நான் காட்டத்தான் போறேன். கொஞ்சம் பொறு, வரும்."

"எனக்கும் அதான்க்கா சொன்னாங்க." அவன் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளுக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். "நல்லாத்தான் சொல்றான், தானா வந்துரும்னாங்க. ஏழு வருஷம். வந்துச்சா?"

டீச்சரின் கையில் தரை துடைக்கும் துணி சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ பெற்றோருக்குப் பதில் சொன்னவள். அவர்கள் யாரும் அவள் தம்பி இல்லை.

"இனிமே வெள்ளிக்கிழமை பை வேண்டாம். வீட்ல நானே பாத்துக்கிறேன்" என்று எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனான். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை குழந்தைகள் பைக்காக வரிசையில் நின்றார்கள். அணிலும் நின்றாள். முறை வந்ததும், "எனக்குக் கிடையாதுல்ல அத்தை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழாயடிக்குப் போய்விட்டாள். டீச்சர் தலைமை ஆசிரியையிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். "அப்பா வேண்டாம்னு சொன்னா நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார் அவர். "மத்த பெத்தவங்களும் எழுத்து எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நீங்களும் கொஞ்சம் பாருங்க." உதவி கேட்கப் போனவள் தானே வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் ஒரு புத்தகத்தைத் தம்பி மனைவியின் கையில் ரகசியமாகக் கொடுத்தனுப்பினாள். அது திங்கட்கிழமை அப்படியே திரும்பி வந்தது. "எடுத்துக் காட்டினேன் அண்ணி. அப்பா வந்துருவாரு, உள்ள வைம்மான்னு சொல்லிட்டா."

வகுப்பில் அணில் அலமாரிப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். கதை நேரத்தில் முன்னால் நகர்ந்து நகர்ந்து டீச்சரின் மடியில் வந்து விழுகிறவள், இப்போது பின்னால் உட்கார்ந்து குழாய் சொட்டுவதைப் பார்த்தாள். கழுதைக் கதையைக் கேட்டு மற்ற குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். "அணிலு, நீ இருமு!" என்றான் பல்செட் பையன். அவள் இருமவில்லை. டீச்சரே இருமிப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

"போய்ப் பேசேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்னன்னு பேச? அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே."

"அப்ப பேசாத."

"பேசாம எப்படிங்க இருக்கிறது?"

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது என்ன கம்ப்ரஸரா, நான் வந்து மாத்திக் குடுக்க? நீதான் போகணும்."

சில வாரம் தள்ளிப்போட்டு ஒரு சாயங்காலம் போனாள். கையில் ஒரு புதுப் புத்தகம். பூனை ஒன்று படகு ஓட்டுகிற அட்டைப்படம். தம்பி கோபமாக இருப்பான் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனவளுக்கு, அவன் கதவைத் திறந்த விதமே குழப்பமாக இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாக்கா, வா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். உக்காரு. இந்தா பாரு."

பிரெட் வருகிற அட்டைப் பெட்டிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தான். கோணல் மாணலான, பெரிய எழுத்து. ஒவ்வொன்றாக நீட்டினான். அணில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள்.

"ம...ர...ம். மரம். ப...ட...ம். படம். வா...ச...ல். வாசல்."

ஒப்பிக்கவில்லை. அட்டைகளை அவன் சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கித்தான் நீட்டினான். நிஜமாகவே எழுத்துக் கூட்டினாள். தம்பியின் உதடுகளும் கூடவே அசைந்தன. சில சமயம் அவள் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டு, பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கும் பிடிபடுதுக்கா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "இன்னைக்கு ரூட்ல ஒரு போர்டு. பத்து வருஷமா அந்த வழியாப் போறேன். இன்னைக்குத்தான் நின்னு படிச்சேன், அது பல் டாக்டர் வீடு. நான் இத்தனை நாளா ஏதோ ஆபீஸுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு டம்ளரையே பார்த்தாள்.

டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. நாற்பது வயதில் இவன் ஒரு போர்டைப் படித்திருக்கிறான். "ரொம்ப நல்லாருக்குடா" என்றாள். "நான் ஒரு புஸ்தகம் கொண்டுவந்திருக்கேன். புதுசு. அவளுக்குத் தெரியாத கதை. இதக் குடுக்கலாம்ல?"

"தாராளமா குடு. தெரியாத கதைதான் வேணும். அப்பதான் நிஜம் தெரியும்."

அணில் புத்தகத்தை வாங்கி, சரியான பக்கமாகத் திருப்பி, மடியில் வைத்தாள். அட்டையைப் புரட்டியதும் இடது கையை விரித்துப் படத்தின் மேல் வைத்தாள். வலது கைச் சுட்டுவிரல் முதல் எழுத்தின் அடியில் போய் நின்றது.

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. "கைய எடு கண்ணு, பூனை எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

"படத்தப் பாத்தா ஏமாத்துறது அத்தை." குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. ரோட்டை இப்படித்தான் கடக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான்தான் பழக்கினேன்" என்றான் தம்பி. "படத்தப் பாத்தா கதைய ஊகிச்சிடுறா. மறுபடி அதே கூத்து. இப்ப பாரு, சமத்தா அவளே மூடிக்கிறா."

"பூ...னை. பூனை. ப...ட...கு. படகு."

பக்கம் திரும்பியது. தாள் முழுதாகப் படிவதற்கு முன்பே அந்தச் சின்னக் கை உள்ளே நுழைந்து படத்தின் மேல் படுத்துக்கொண்டது. கண் கையின் பக்கமே போகவில்லை. விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. முன்பெல்லாம் வரியின் முடிவுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து காத்திருந்த அதே விரல்.

நாலு பக்கம் ஆனதும் டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "பூனை இப்ப என்ன பண்ணுதுடா செல்லம்?"

அணில் அத்தையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். எந்த எழுத்தைத் தவறவிட்டோம் என்று தேடுவது போலப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் அப்புறம் தானா வந்துரும்க்கா" என்றான் தம்பி. "மொதல்ல எழுத்து நிக்கட்டும்." அவன் அருகே நகர்ந்து வந்து உட்கார்ந்தான். "சரியாத்தானே சொல்லித் தர்றேன்? நீ டீச்சர். தப்பிருந்தா சொல்லு."

தம்பி கேலியாகக் கேட்கவில்லை. அவன் அப்படிக் கேட்டது அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை. அவன் விரலில் மார்க்கர் மை படிந்திருந்தது. தப்பு என்று சொன்னால் அட்டைகள் நாளைக்கே குப்பைக்குப் போகும். அவன் பல் டாக்டர் வீட்டுக்கு முன்னால் இனி நிற்க மாட்டான். சரி என்று சொன்னால் அந்தக் கை அங்கேயே இருக்கும்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் வருதுடா" என்றாள். "படத்த மட்டும்... கொஞ்சம் பாக்க விடலாம். ஒரு தடவை படிச்சப்புறமாவது."

"பாக்கலாம்க்கா. இன்னும் ஒரு வருஷம் போகட்டும். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு வரி தடுமாறாமப் படிச்சிடட்டும். அப்புறம் பாத்துக்கட்டும், யாரு வேண்டாங்கிறா?"

அணிலின் விரல்களுக்கு நடுவில் பூனையின் வால் நுனியும் ஒரு துண்டு நீலத் தண்ணீரும் மட்டும் தெரிந்தன. டீச்சர் கையை நீட்டி அந்தப் பிஞ்சுக் கையைத் தூக்கிவிடலாம். எட்டும் தூரம்தான். டீ டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பக்கம்" என்றான் தம்பி.

அணில் புரட்டினாள்.